‘ஆண்ட்ரூ’ என்று முடியும் ஒரு வெண்கலக் காசு

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஜெர்மனியில் நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒரு நாணயச் சந்தையில் 35 யூரோ கொடுத்து ஒரு கிரேக்க வெண்கலக் காசு வாங்கினேன். அட்டைச் சட்டத்துக்குள் கையால் எழுதிய ஒரு சீட்டும் இருந்தது: ‘மகா அலெக்சாண்டர், வெண்கலம், கி.மு. 336–323’. அந்தச் சீட்டு தவறு என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அது எப்படித் தவறாயிற்று, எதை வைத்துத் தெளிந்தேன் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே தவறு இதே காசில் நிறையப் பேருக்கு நடந்திருக்கும், நடந்துகொண்டும் இருக்கும்.

முதலில் காசைப் பார்ப்போம். குறுக்களவு 20 மி.மீ., எடை 6.41 கிராம். நம்மூர் பழைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சிறிசு, ஆனால் தடிமன் அதிகம், கையில் வைத்தால் கனம் தெரியும். நிறம் அடர்ந்த பச்சை, மேடான இடங்களில் பழுப்பு. தலைப் பக்கத்தில் வலது பக்கம் பார்க்கும் ஒரு முகம், தலைமேல் சிங்கத் தோல். சிங்கத்தின் மேல்தாடை நெற்றிக்கு மேலே கவிந்து நிற்கும், பிடரி மயிர் கொத்துக் கொத்தாகப் பின்னால் இறங்கும், முன்னங்கால் இரண்டும் கழுத்தடியில் முடிச்சுப் போட்டிருக்கும். இந்த முடிச்சு தெரிந்துவிட்டால் அது ஹெராக்ளீஸ்தான், சிங்கத்தைக் கொன்று அதன் தோலைப் போர்த்திக்கொண்ட கிரேக்கப் புராண வீரன். தேய்ந்த காசில் தலைக்கவசம் போட்ட அத்தீனா தேவி மாதிரித் தோன்றும், அதனால் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தடியைப் பாருங்கள்.

பூப் பக்கத்தில் குதிரை. வலது பக்கம் நடந்து போகிறது, மேலே ஆடையில்லாத ஓர் இளைஞன், கையை முன்னால் நீட்டிக் குதிரையின் தலைக்கு மாலை சூட்டுவது போல. குதிரைக்கு மேலே ஒரு வரி எழுத்து, கீழே ஒரு வரி எழுத்து. மேல் வரி பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. கீழ் வரியின் வலப்பாதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது, இடப்பாதி மண்ணும் களிம்பும் சேர்ந்து இறுகிய ஒரு மேட்டுக்கு அடியில். அச்சு கொஞ்சம் விலகி விழுந்ததில் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடம் காசின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

தெரிந்த எழுத்துகள் ஆறு: ஆல்ஃபா, நியூ, டெல்டா, ரோ, ஓமிக்ரான், உப்சிலான். சேர்த்துப் படித்தால் ‘ஆண்ட்ரூ’.

விற்றவர் என்ன செய்தார் என்பது இதிலேயே புரிகிறது. சிங்கத் தோல் போட்ட ஹெராக்ளீஸ், பெயர் ‘ஆண்ட்ரூ’ என்று முடிகிறது, அப்புறம் என்ன, ‘அலெக்சாண்ட்ரூ’தானே. கிரேக்கக் காசில் அரசன் பெயர் பெரும்பாலும் நம் ஆறாம் வேற்றுமை மாதிரி உடைமைப் பொருளில் வரும். ‘அலெக்சாண்ட்ரூ’ என்றால் அலெக்சாண்டருடையது, ‘பிலிப்பூ’ என்றால் பிலிப்புடையது. ஊர் பெயரென்றால் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களுடையது என்று பன்மையில், ‘ஓன்’ என்று முடியும். இந்த ஒரு விதி தெரிந்தாலே தேய்ந்த காசில் கடைசி இரண்டு எழுத்தை வைத்து இது அரசனா ஊரா என்று ஓரளவு சொல்லிவிடலாம். காசு வாங்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், மற்ற எதையும்விட இது உதவும்.

எனக்கு உறுத்தியது குதிரை. அலெக்சாண்டர் பெயரில் வந்த வெண்கலத்தில் மிகச் சாதாரணமானது எது என்றால் ஒரு பக்கம் ஹெராக்ளீஸ், மறு பக்கம் வில் வைத்த உறையும் கதாயுதமும், நடுவில் பெயர். சந்தையில் எந்தத் தட்டைக் கிளறினாலும் அதில் ஒன்று கிடைக்கும். குதிரைமேல் இளைஞன் என்பது அவருடைய அப்பா இரண்டாம் பிலிப்பின் வெண்கலத்தில் வருவது, அங்கே தலைப் பக்கத்தில் தலையில் நாடா கட்டிய அப்போலோ, குதிரைக்கு மேலே ‘பிலிப்பூ’. ஆக என் கையில் இருந்ததில் முன்பக்கம் மகனுடைய காசு போல, பின்பக்கம் அப்பாவுடைய காசு போல. இரண்டையும் ஒட்டிய மாதிரி ஒரு காசு யாருடையது?

அளவும் எடையும் இங்கே உதவவில்லை. பிலிப்பின் குதிரைக் காசு பொதுவாக 16–19 மி.மீ., 5–7 கிராம். அலெக்சாண்டரின் வில்லுறைக் காசும் ஏறக்குறைய அதே. வெள்ளியில் எடை என்பது மதிப்பு, அதனால் அதைக் கவனமாகப் பார்த்துதான் அடித்தார்கள். வெண்கலத்தில் அந்தக் கவலை அவ்வளவு இல்லை. அத்தேன்ஸில் ஒரு திராக்மாவுக்கு 6 ஒபோல், ஒரு ஒபோலுக்கு 8 சால்கூஸ், அந்தக் கடைசிச் சில்லறைதான் வெண்கலம். மீனோ கீரையோ வாங்கும் காசு. ஒரே அச்சில் அடித்த இரண்டு வெண்கலக் காசுக்குள் ஒரு கிராம் வித்தியாசம் வந்தால்கூட யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எடையைக் குறித்து வையுங்கள், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சரி, குதிரையும் ஹெராக்ளீஸும் சேர்ந்து வரும் மக்கதோனிய (அலெக்சாண்டரின் நாட்டு) வெண்கலம் எவை? இரண்டு பேர் உடனே நினைவுக்கு வருவார்கள். ஒருவர் கஸ்ஸாண்டர். அலெக்சாண்டரின் தளபதி அண்டிபேட்டரின் மகன், கி.மு. 305 வாக்கில் அரசன் என்று தன்னை அறிவித்துக்கொண்டவர், 297-இல் இறந்தார். இன்னொருவர் ஆண்டிகோனஸ் கொனாட்டஸ், கி.மு. 277 வாக்கிலிருந்து 239 வரை ஆண்டவர். கொனாட்டஸின் காசிலும் இதே ஹெராக்ளீஸ், இதே குதிரை, இதே மாலை சூட்டும் கை. ஆனால் அதில் முழுப் பெயர் இருக்காது. மேலே பீட்டா, ஆல்ஃபா என்று இரண்டே எழுத்து, ‘பசிலியோஸ்’ என்பதன் சுருக்கம், அரசனுடையது என்று பொருள். குதிரைக்கு அடியில் அவர் பெயரின் எழுத்துகளைப் பின்னி ஒரே முத்திரையாக்கிய கூட்டெழுத்து. என் காசில் கீழே முழு வரி எழுத்து ஓடுகிறது, அதனால் கொனாட்டஸ் கழிந்தார்.

மிச்சம் கஸ்ஸாண்டர். அவர் பெயரின் உடைமை வடிவம் ‘கஸ்ஸாண்ட்ரூ’. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். ‘அலெக்சாண்ட்ரூ’வுக்கும் கிரேக்கத்தில் பத்து எழுத்து, ‘கஸ்ஸாண்ட்ரூ’வுக்கும் பத்து எழுத்து. கடைசி ஆறு எழுத்தும் ஒன்றே. எனக்குத் தெரிந்தவை அந்த ஆறு மட்டும்தான்! எழுத்தின் எண்ணிக்கையை வைத்து இடைவெளியை அளந்து பார்ப்பது தேய்ந்த காசில் பலமுறை கைகொடுத்த வழி, இங்கே அதுவும் அடைபட்டுப் போனது.

அப்படியானால் படத்தை வைத்தே கஸ்ஸாண்டர் என்று முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிவு கட்டினேன். ஆனால் கஸ்ஸாண்டருக்கே ஒரு மகன், பெயர் அலெக்சாண்டர், அண்ணனோடு அரியணைக்குச் சண்டை போட்டு 294-இல் டெமெட்ரியஸால் கொல்லப்பட்டவன். அப்பன் காசின் படத்தில் மகன் பெயர் வந்திருந்தால்? ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு அதை என்னால் மறுக்க முடியாது. படத்தைப் பார்த்து நினைப்பது ஊகம், எழுத்தைப் படித்தால்தான் அடையாளம். முதல் நாலு எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த நாலு எழுத்தையும் காகிதத்தில் பெரிதாக எழுதி ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். அலெக்சாண்டருக்கு ஆல்ஃபா, லாம்ப்டா, எப்சிலான், க்சை. கஸ்ஸாண்டருக்குக் கப்பா, ஆல்ஃபா, சிக்மா, சிக்மா. முதல் எழுத்து நன்றாகவே வேறுபடும், ஆனால் அது என் காசில் ஓரத்துக்கு வெளியே. இரண்டாவது எழுத்தில் லாம்ப்டாவும் ஆல்ஃபாவும் ஒரே கூரை வடிவம், நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு இருந்தால் ஆல்ஃபா, இல்லாவிட்டால் லாம்ப்டா. அந்தக் குறுக்குக் கோடுதான் எந்தக் காசிலும் முதலில் தேய்வது. மூன்றாவதில் எப்சிலான், சிக்மா இரண்டுக்கும் மேலே ஒரு படுக்கைக் கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு. நாலாவதில் க்சைக்கும் சிக்மாவுக்கும் அதே கதை. அதாவது நன்றாகத் தேய்ந்த ஒரு காசில், முதல் எழுத்து போய், மற்ற எழுத்துகளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டும் மிஞ்சியிருந்தால், இந்த இரண்டு பெயரையும் பிரிக்கவே முடியாது. வித்தியாசம் முழுக்க எழுத்தின் இடுப்பில் இருக்கிறது. மூன்றாவது எழுத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு தண்டு நின்றால் எப்சிலான். தண்டு இல்லாமல், அந்த இடத்தில் உள்ளே குத்திக்கொண்டு போகும் கோணல் தெரிந்தால் சிக்மா. பார்க்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத இடம், அதுவும் களிம்புக்கு அடியில்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காசுகள் சாவது பெரும்பாலும் இங்கேதான். நம் வீடுகளில் பித்தளைக் குடத்தையும் வெண்கலப் பானையையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் பழக்கம் கையில் ஊறியது, அந்தக் கை இங்கே வேலைக்கு வந்துவிடக் கூடாது. பழைய வெண்கலத்தில் அந்தப் பச்சைப் படலம்தான் இன்றைய மேற்பரப்பு. எழுத்தும் முகமும் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன, அடியில் இருக்கும் உலோகத்தில் அவை தெளிவாக இருக்கும் என்று நினைப்பது தப்பு. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும், மிஞ்சுவது குழி விழுந்த செந்நிறத் தகடு. அப்படிக் கரைந்துபோன காசுகளைச் சந்தையில் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

நான் செய்தது காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போட்டது, அவ்வளவுதான். மூன்று நாளைக்கு ஒரு முறை நீரை மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரைடு உண்டு, அது வெண்கலத்துக்கு ஆகாது. ஐந்து வாரம் கழித்து எடுத்து, இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியின் அடியில் வைத்து, மூங்கில் பல்குச்சியின் நுனியைச் சீவி, ஈரம் காயாமல் அந்த மேட்டை ஓரத்திலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ஊசியை எடுக்க ஆசை வந்தது. எடுக்கவில்லை. மூங்கில் களிம்பைவிட மிருதுவானது, மண்ணைத் தள்ளும், படலத்தைக் கீறாது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கண் பொறுக்காது.

ஒன்பதாவது நாள் ஒரு துணுக்கு தானாகப் பெயர்ந்து வந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தைக் காசுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசையோடு ஒட்டிப் பிடித்தேன். நேராக மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த எழுத்து தெரியாது, சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் வரும், அந்த நிழலைத்தான் படிக்கிறோம். காசை மெல்லச் சுழற்றினேன். மூன்றாவது எழுத்தின் இடது பக்கம் திறந்து கிடந்தது, தண்டு இல்லை. மேல் கோட்டின் இடது முனையிலிருந்து ஒரு சாய்கோடு உள்ளே இறங்கி நடுவில் முட்டி, இன்னொரு சாய்கோடாகத் திரும்பி வந்து கீழ்க்கோட்டின் இடது முனையைத் தொட்டது. அதை ஒட்டி நாலாவது எழுத்து, அதே கோணல், அதே திருப்பம், கொஞ்சம் சாய்ந்து. அடுத்தடுத்து இரண்டு சிக்மா. கிரேக்கர்கள் அந்தப் பெயரில் ‘ஸ்’ஸை இரட்டித்து எழுதியது எனக்காகவே என்று அந்த நிமிடம் தோன்றியது. அலெக்சாண்டர் பெயரில் எந்த வடிவத்திலும் இரட்டைச் சிக்மா வராது.

கஸ்ஸாண்ட்ரூ.

மேல் வரியை அதன் பிறகு படிப்பது சுலபமாகிவிட்டது. எட்டு எழுத்துக்கு இடம், கடைசியில் ஒமேகாவும் சிக்மாவும், ‘பசிலியோஸ்’. அதாவது ‘அரசன் கஸ்ஸாண்டருடையது’. பட்டம் இருப்பதால் காலமும் குறுகுகிறது: கி.மு. 305 வாக்கிலிருந்து 297 வரை. அரசன் பட்டம் போடாமல் வெறும் பெயரோடு அவர் வெளியிட்ட வெண்கலமும் உண்டு, சிங்கம் அமர்ந்திருக்கும் காசு மாதிரி, அவை அதற்கு முந்தியவை என்று கொள்கிறார்கள். அச்சடித்த ஊரைப் பட்டியல்கள் பெல்லா அல்லது ஆம்ஃபிபோலிஸ் என்று தருகின்றன. குதிரைக்கு முன்னால் ஒரு சின்ன அடையாளக் குறி இருந்த தடம் தெரிகிறது, படிக்கும்படி இல்லை, அதனால் சீட்டில் ‘குறி தேய்ந்தது’ என்றே எழுதினேன். ஆசைக்கு எதையாவது நிரப்புவது எனக்குப் பிடிக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்று வசதி நிறைய இருக்கிறது. அலெக்சாண்டர் பெயரில் வந்த காசு என்றால் மார்ட்டின் பிரைஸ் 1991-இல் வெளியிட்ட பட்டியலின் எண்தான் எல்லாருக்கும் பொது மொழி, அமெரிக்க நாணயவியல் சங்கம் அதை அடியொற்றி ‘பெல்லா’ என்ற தரவுத்தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படங்களும் அப்படியே. நான் கஸ்ஸாண்டர் குதிரைக் காசுகளின் படங்கள் நாற்பதுக்கு மேல் பார்த்தேன், எழுத்து எந்த இடத்தில் தொடங்குகிறது, குதிரையின் எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்று. என்னுடையது அந்தக் கூட்டத்தில் எந்த உறுத்தலும் இல்லாமல் போய் உட்கார்ந்தது.

இந்தக் காசு என்னை விடாமல் பிடித்திருக்கும் காரணம் வேறு. கஸ்ஸாண்டர் ஆட்சியில் மக்கதோனியாவில் வெள்ளியும் அடித்தார்கள், ஆனால் அதில் அவர் பெயர் கிடையாது. பலவற்றில் ஹெராக்ளீஸ் ஒரு பக்கம், அமர்ந்த சீயஸ் மறு பக்கம், பெயர் அலெக்சாண்டர், செத்து வருடக்கணக்கான அலெக்சாண்டர். படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்கும் காசில், தூர தேசத்து வியாபாரி வாங்கும் காசில், உலகத்துக்குப் பழகிய பெயரை மாற்ற அவர் துணியவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். தன் பெயரையும் அரசன் பட்டத்தையும் அவர் போட்டது சில்லறையில் மட்டும். ஆக, ‘அரசன் கஸ்ஸாண்டர்’ என்று அவரே அறிவித்துக்கொண்ட காசு வேண்டுமென்றால் வெண்கலத்தட்டைத்தான் கிளற வேண்டும், ஆயிரக்கணக்கில் விலை போகும் வெள்ளியில் கிடைக்காது.

அந்தச் சில்லறையிலும் படங்களைப் பாருங்கள். அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் 316-இல் கொல்லப்பட்டது இந்த மனிதரிடம் பிடிபட்டபின், அலெக்சாண்டரின் மனைவி ரொக்சானாவும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனான மகன் நான்காம் அலெக்சாண்டரும் 310 வாக்கில் கொல்லப்பட்டது இவர் உத்தரவில். அதே மனிதர் பிலிப்பின் மகள் தெஸ்ஸலோனிகேயைக் கல்யாணம் செய்துகொண்டார், அவள் பெயரில் எழுப்பிய நகரம் இன்றும் கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரம். வாரிசைக் கொன்றுவிட்டு, அந்தக் குடும்பத்து மருமகனாகி, காசின் ஒரு பக்கம் அலெக்சாண்டரை நினைவூட்டும் சிங்கத் தோலையும் மறு பக்கம் பிலிப்பை நினைவூட்டும் குதிரையையும் வைத்தவர். சந்தையில் சீட்டு எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் காசைப் பார்ப்பவர் பிலிப்பையும் அலெக்சாண்டரையும் நினைக்க வேண்டும் என்று கஸ்ஸாண்டர் விரும்பியிருக்கிறார், அது 2300 வருடம் கழித்தும் வேலை செய்திருக்கிறது.

ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெண்கலச் சில்லறை அடித்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது, வெளியூரில் அதற்கு மதிப்பு இல்லை. அதனால் ஒரு வெண்கலக் காசு எந்த வயலில், எந்தக் குழியில் கிடைத்தது என்பது அது எந்த ஊர் அச்சு என்று சொல்லும் மிக வலுவான சாட்சி. என் காசோடு வந்தது அந்தத் தவறான சீட்டு மட்டும்தான். மண்ணோடு கிலோக் கணக்கில் விற்கிற காசு மூட்டைகளை நான் வாங்குவதில்லை, அந்த மண் எங்கேயோ ஒரு அகழாய்வின் வாயிலிருந்து பிடுங்கியது. பழைய சேகரிப்புச் சீட்டோ, ஏலப் பதிவோ இருக்கிறதா என்று இப்போதெல்லாம் காசைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். இதை வாங்கும்போது கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

காசு இப்போது உலர்ந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து வெளிர்பச்சைப் பொடி எங்காவது பூக்கிறதா என்று பார்க்கிறேன். குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் காசை உள்ளிருந்து அரிக்கும், அதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள், நகத்தால் தொட்டால் மாவு போல உதிரும். நல்ல களிம்பு உதிராது. இதுவரை ஒன்றும் இல்லை.

பழைய சீட்டை வீசவில்லை, புதுச் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அப்புறம் என் தட்டை எடுத்தேன். ‘அலெக்சாண்டர்’ என்று நானே எழுதி வைத்திருந்த வெண்கலம் பதினொன்று இருந்தது. எல்லாவற்றையும் சாய்வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். ஒன்பதில் வில்லுறையும் கதாயுதமும் தெளிவு, பெயரின் எப்சிலானும் தெளிவு. பத்தாவதில் பெயர் முழுக்கத் தேய்ந்திருக்கிறது, பீட்டாவும் ஆல்ஃபாவும் மட்டும் இருக்கின்றன. பதினொன்றாவது, ஏழு வருடமாக என்னிடம் இருப்பது, பூப் பக்கம் முழுக்கக் களிம்பு மூடியது, நடுவில் ஒரு விலங்கின் முதுகு மாதிரி ஒரு வளைவு. அது நேற்றிலிருந்து காய்ச்சி வடித்த நீரில் கிடக்கிறது.